கொட்டியாரக்குடாவில் நார் தொங்கவிட்டால் யுரேனியம் வருமா?

தம்பி கேட்ட கேள்வி இதுதான்: "கடல் தண்ணீரில் 450 கோடி தொன் யுரேனியம் கரைந்து கிடக்கிறதாம். ஜப்பான்காரர் துணியைக் கடலில் போட்டே எடுத்துக் காட்டிவிட்டார்களாம். திருகோணமலையில் இவ்வளவு பெரிய குடாவை வைத்துக்கொண்டு நாங்கள் ஏன் சும்மா இருக்கிறோம்? உள்துறைமுகம், கொட்டியாரக்குடா, நிலாவெளி உப்பளம், எங்கேயாவது தொடங்கலாமே?"

ஓம், கடலில் இருக்கிறது. எடுக்கவும் முடியும், எடுத்தும் காட்டியிருக்கிறார்கள். அந்த 450 கோடி தொன் கணக்கும் சரியானதுதான். ஆனால் இதைப் பற்றிப் பேசுகிற பலர் இதை இரசாயன வேலை என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். நான் முப்பது வருடம் தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வுகூடத்தில் இருந்தவன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இதில் இரசாயனம் கால்வாசிதான். மிச்சம் முழுக்கத் தண்ணீரை எப்படி நகர்த்துவது, கயிறு கடலில் எத்தனை நாள் தாங்கும் என்கிற விசயம். அது கரைவலைச் சம்மாட்டியாருக்கு நன்றாக விளங்கும் வேலை.

முதலில் அளவைக் கண்ணால் பார்ப்போம். உங்கள் வீட்டுக் கூரையில் 1,000 லீற்றர் கறுப்புத் தாங்கி இருக்கும். அதை உப்புவெளிக் கடல்நீரால் நிரப்புங்கள். அதில் 35 கிலோ உப்பு இருக்கும், ஒரு சிறு மூட்டை. யுரேனியம் 3.3 மில்லிகிராம். ஓர் அரிசி மணியை 20 மில்லிகிராம் என்று வைத்தால், ஒரு மணி எடைக்கு யுரேனியம் சேர்க்க ஆறு தாங்கித் தண்ணீர் வேண்டும். ஒரு பங்கு யுரேனியத்துக்கு ஒரு கோடி பங்கு உப்பு. தேடுகிற பொருள் அரிதாக இருப்பது ஒரு தொல்லை என்றால், அதைச் சுற்றி மற்றவை இந்தளவு குவிந்து கிடப்பது அதைவிடப் பெரிய தொல்லை.

இந்த 3.3 என்ற எண் உலகக் கடல் முழுக்கக் கிட்டத்தட்ட ஒன்றுதான். உப்பு கூடுகிற இடத்தில் சற்றுக் கூடும், குறைகிற இடத்தில் குறையும். வங்காள விரிகுடாவில் பெரிய ஆறுகள் வந்து விழுவதால் எங்கள் பக்கத் தண்ணீர் சற்று உவர்ப்புக் குறைந்தது. அதனால் திருகோணமலைக்கு லீற்றருக்கு 3 மைக்கிரோகிராம் என்று வைத்துக்கொண்டாலும் பெரிய பிழை வராது. மகாவலி கொட்டியாரக்குடாவில்தான் கடலில் சேர்கிறது. மார்கழி, தை மாதங்களில் ஆற்றுத் தண்ணீர் குடாவுக்குள் பரவும்போது இன்னும் குறையும். ஆற்றுநீரில் யுரேனியம் உண்டு, ஆனால் உலகச் சராசரி லீற்றருக்கு 0.3 மைக்கிரோகிராம் அளவுதான். கடலில் இருக்கிற யுரேனியமே பாறைகள் கரைந்து ஆறுகள் கொண்டுவந்து சேர்த்ததுதான், ஆண்டுக்குப் பத்தாயிரம் தொன் அளவில். கடலுக்குள் வந்த ஓர் அணு வெளியேறச் சராசரியாக நாலு இலட்சம் ஆண்டுகள் ஆகும். அதனால்தான் இவ்வளவு சேர்ந்திருக்கிறது.

கடலில் இருந்து உலோகம் எடுக்கும் ஆசை புதிதல்ல. முதலாம் உலகப் போருக்குப் பிறகு ஜேர்மனியின் போர்க்கடனை அடைக்கவென்று பிரிட்ஸ் ஹேபர் கடல்நீரில் தங்கம் எடுக்கப் புறப்பட்டார். காற்றிலுள்ள நைதரசனில் இருந்து அமோனியா செய்து நோபல் பரிசு வாங்கிய அதே ஹேபர்தான். கப்பலில் ஆய்வுகூடம் வைத்துப் பல வருடம் அலைந்தார். கடைசியில் பார்த்தால் தங்கம் அவர் நம்பியிருந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருந்தது. பழைய அளவீடுகள் பிழை. யுரேனியத்தின் கதை அப்படியல்ல. இங்கே அளவு உறுதியானது, ஏமாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த இடத்தைக் காட்ட ஒரு கணக்குப் போடுகிறேன், பொறுமையாகப் பாருங்கள். 1 கிலோ யுரேனியம் இருக்கும் கடல்நீர் சுமார் 3 இலட்சம் கன மீற்றர். அதைப் பம்பு வைத்து 10 மீற்றர் உயரத்துக்கு ஏற்றி ஒரு தொட்டிக்குள் விடுகிறோம் என்று வைப்போம். அதற்குச் சுமார் 8,400 யூனிட் மின்சாரம் வேண்டும். இது எந்த இழப்பும் இல்லாத பம்பு, தண்ணீரில் உள்ள யுரேனியம் முழுவதையும் பிடிக்கிற தொட்டி என்று வைத்த கணக்கு. உண்மையில் பம்பு நூற்றுக்கு எழுபது வேலை செய்யும், தொட்டி நூற்றுக்கு முப்பது பிடித்தாலே பெரிய காரியம். அப்படிப் பார்த்தால் 40,000 யூனிட்டுக்கு வந்துவிடுகிறது. சரி, அந்த 1 கிலோ இயற்கை யுரேனியம் இன்றைய சாதாரண அணு உலையில் எவ்வளவு மின்சாரம் தரும்? சுமார் 40,000 யூனிட். அதாவது கிடைத்த மின்சாரம் முழுவதையும் பம்புக்கே கட்டி அழ வேண்டியதுதான்.

இந்த ஒரு கணக்கை மனதில் வைத்தால் இந்தத் துறையின் அறுபது வருட வரலாறு தானாக விளங்கும். 1964இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் டைட்டேனியத்தின் நீரேறிய ஒட்சைட்டில் யுரேனியம் நன்றாக ஒட்டுகிறது என்று எழுதினார்கள். ஜப்பானியர் அதே பொருளை வைத்து 1980களில் ஷிகோகு தீவின் நியோவில் முன்னோடி ஆலை ஒன்று கட்டிக் கடல்நீரைப் பம்பு செய்து பார்த்தார்கள். யுரேனியம் வந்தது, கணக்குத்தான் கட்டவில்லை. அந்தப் பொருளும் தூளும் துகளுமாக இருந்ததால் தண்ணீரைத் தள்ளாமல் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. அதற்குப் பிறகுதான் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: கடலை எங்களிடம் கொண்டுவர முடியாது, ஒட்டும் பொருளைக் கடலுக்குள் கொண்டுபோய் வைத்து நீரோட்டத்தை வேலை செய்ய விட வேண்டும். கரைவலை போடுகிறவர் மீனைத் துரத்திக்கொண்டு ஓடுவதில்லையே.

சரி, எதை வைப்பது? 1980களில் ஜேர்மனியிலும் ஜப்பானிலும் நூற்றுக்கணக்கான பொருட்களைச் சோதித்துப் பார்த்ததில் தேறியது யுரேனியத்தைப் பற்றிக்கொள்ளும் அமிடொக்சிம் என்ற அணுக்கூட்டம். இதை ஒரு நாரில் ஏற்றும் விதம் அழகானது. சாதாரண பொலித்தீன் நூலை எடுத்து அதில் இலத்திரன் கற்றையைப் பாய்ச்சுகிறார்கள். பொலித்தீனின் மூலக்கூற்றுச் சங்கிலியில் அங்கங்கே காயம் படுகிறது. அந்தக் காயத்தில் அக்ரிலோநைத்திரைல் மூலக்கூறுகள் வந்து பற்றி, கிளை கிளையாக வளர்கின்றன. ஒட்டு மாங்கன்று கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அதேதான். பிறகு ஐதரொட்சிலமீன் கரைசலில் ஊறவைத்தால் அந்தக் கிளைகள் அமிடொக்சிமாக மாறிவிடும். தண்ணீரை விரும்பும் அமிலக் கிளைகளையும் இடையிடையே சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் பொலித்தீன் தண்ணீரை உள்ளே விடாது.

இனிக் கடலில் யுரேனியம் எந்த உருவில் நிற்கிறது என்று பாருங்கள். அது தனி அணுவாக மிதக்கவில்லை. இரண்டு ஒட்சிசன் தலையும் காலுமாக, நடுவே யுரேனியம், ஒரு குச்சி மாதிரி. அதற்கு யுரேனைல் என்று பெயர். இந்தக் குச்சியின் இடுப்பைச் சுற்றி மூன்று காபனேற்றுகள் கையைக் கோத்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்கு வெளியே கல்சியமும் மகனீசியமும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. வேட்டிக்கு மேல் சால்வை, சால்வைக்கு மேல் இன்னொரு சால்வை. அமிடொக்சிம் இதையெல்லாம் ஒவ்வொன்றாக உருவித்தான் யுரேனியத்தைப் பிடிக்க வேண்டும். அதனால்தான் இது நிமிடக் கணக்கில் நடக்காது. வாரக் கணக்கில் நடக்கும். ஒரு நாரை இறக்கினால் மாதம் ஒன்று, இரண்டு கடலில் கிடக்க வேண்டும்.

தம்பி கேள்விப்பட்ட ஜப்பான் சோதனை இதுதான். 1999இல் இருந்து மூன்று வருடம், ஆவோமோரி மாகாணத்து முட்சு-செகினே கரைக்கு அப்பால், ஒரு மிதக்கும் சட்டகத்தின் கீழே கூடை கூடையாகத் துணி அடுக்கித் தொங்கவிட்டார்கள். மொத்தத் துணி 350 கிலோ. எல்லாத் தவணையும் சேர்த்து 240 நாள் கடலில் கிடந்தது. கிடைத்தது 1 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட மஞ்சள் கட்டி, அதாவது யுரேனியம் ஒட்சைட்டுத் தூள். பம்பு இல்லாமல் கடலுக்குள்ளேயே எடுத்த முதல் கிலோ அது. இந்தத் துறையில் அதைப் பெரிய நாளாகச் சொல்வார்கள், எனக்கும் அதில் மரியாதை உண்டு. ஆனால் 350 கிலோ துணியைக் கூடையில் அடுக்கி, சட்டகம் கட்டி, நங்கூரம் போட்டு, பாரந்தூக்கியோடு கப்பல் கொண்டுபோய்த் தூக்கி எடுத்து, கடைசியில் ஒரு கிலோ. நாரின் விலையைவிடச் சட்டகமும் நங்கூரமும்தான் கையைக் கடித்தன.

அதனால் அடுத்த சுற்றில் கூடையைத் தூக்கி எறிந்துவிட்டு, நாரையே 60 மீற்றர் நீளப் பின்னலாக முறுக்கி, அடியில் பாரம் கட்டி, கடல்தாவரம் மாதிரி நிமிர்ந்து ஆட விட்டார்கள். அந்தச் சோதனை ஒக்கினாவாவில் நடந்தது. 30 நாளில் ஒரு கிலோ நாருக்கு 1.5 கிராம் யுரேனியம். இங்கேதான் எங்களுக்கு அக்கறையான விசயம் வருகிறது. தண்ணீர் 10 பாகை சூடு கூடினால் நார் பிடிக்கும் அளவு ஒன்றரை மடங்காகிறது என்று அவர்கள் கண்டார்கள். முட்சு குளிர்நீர், ஒக்கினாவா வெந்நீர். திருகோணமலையில் கடல் வருடம் முழுவதும் 27, 28 பாகைக்குக் கீழே அவ்வளவாக இறங்குவதில்லை. "அப்போ எங்களுக்கு அதிர்ஷ்டம்தானே" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் நான் ஒரு விளையாட்டு வேலை பார்த்தேன். யுரேனியம் எடுக்கவல்ல, கடல் ஒரு நாரை என்ன செய்கிறது என்று பார்க்க. ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூல் 200 கிராம் வாங்கி, தடிப்பாகப் பின்னி, உப்புவெளியில் தெரிந்த மீனவர் ஒருவரின் மிதவைக் கயிற்றில் இரண்டு பாகம் ஆழத்தில் கட்டிவிட்டேன். வைகாசி மாதம், கச்சான் காற்று, கடல் குளம் மாதிரிக் கிடந்தது. ஒரு கிழமையில் வழுவழுப்பான ஒரு படலம். மூன்றாம் கிழமை பச்சைப் பாசி. ஆறாம் கிழமை இழுத்து எடுத்தபோது கையில் பிடிக்க முடியவில்லை, சிறு சிப்பிகள் நூலுக்குள்ளேயே வேர்விட்ட மாதிரி ஒட்டிக் கையைக் கீறின. உள்ளே இரண்டு நண்டுக்குஞ்சு வேறு. தண்ணீர் வடிந்த பிறகும் ஒன்றேகால் கிலோ இருந்தது. பின்னலின் நடுவிலுள்ள இழைகளுக்குத் தண்ணீர் போய்ச் சேர வழியே இல்லை. மீனவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, நீங்கள் கடலில் வீடு கட்டிக் கொடுத்தால் ஆள் வராமல் இருக்குமோ?"

அதுதான் வெந்நீரின் மறுபக்கம். யுரேனியம் வேகமாக ஒட்டுகிற அதே சூட்டில் பாசியும் வேகமாக ஒட்டுகிறது. அமெரிக்கர்கள் செய்த சோதனையில் வெளிச்சம் படும் இடத்தில் வைத்த நார், பாசி பிடித்ததால் நூற்றுக்கு முப்பது வரை குறைவாக யுரேனியம் எடுத்தது. வெளிச்சம் இல்லாத இடத்தில் வைத்தபோது அந்த இழப்பு இல்லை. எனவே வெயில் எட்டாத ஆழத்துக்கு இறக்க வேண்டும். ஆழத்துக்கு இறக்கினால் தண்ணீர் குளிரும், நங்கூரச் செலவு ஏறும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்கலாம். திருகோணமலையில் வேடிக்கை என்னவென்றால் ஆழத்துக்கு நாங்கள் தூரம் போகத் தேவையில்லை. குடாவுக்குள்ளேயே தொடங்கி வெளிக்கடலுக்குப் போகும் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. கோணேசர் கோயில் பாறையில் நின்று கீழே பார்க்கிறவர்களுக்கு ஏன் அந்த நீலம் அப்படிக் கறுக்கிறது என்பது விளங்கும்.

நாரைக் கடலில் இருந்து எடுத்த பிறகும் வேலை முடியாது. அமிடொக்சிமுக்கு யுரேனியத்தைவிடப் பிரியமான ஒருவர் கடலில் இருக்கிறார், வனேடியம். கடல்நீரில் அது லீற்றருக்கு 2 மைக்கிரோகிராம் அளவுதான், யுரேனியத்தைவிடக் குறைவு. ஆனால் நாரில் போய்ப் பார்த்தால் வனேடியம்தான் அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இரும்பு, செம்பு, துத்தநாகம் எல்லாம் கூடவே. யுரேனியத்தைக் கழற்ற இருகாபனேற்றுக் கரைசல் போதும், நாருக்குக் காயம் படாது. வனேடியம் அதற்கு மசியாது. அதைக் கழற்ற வேண்டுமென்றால் கடும் அமிலம் வேண்டும், அமிலத்தில் ஊறினால் நாரின் கிளைகளே கழன்று போகும். ஒவ்வொரு தவணையும் நாரின் வலு குறைந்துகொண்டே வரும். ஒரு நாரை எத்தனை தரம் மறுபடி இறக்கலாம் என்பதில்தான் முழு வியாபாரமும் தொங்குகிறது. அரிசி கழுவுகிற மாதிரி நாலு தரம் கழுவினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

2018இல் அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வுகூடமும் ஒரு சிறு நிறுவனமும் சேர்ந்து 5 கிராம் மஞ்சள் கட்டி எடுத்ததாக அறிவித்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது கடையில் கிடைக்கும் மலிவான அக்ரிலிக் நூல். நான் ஸ்வெட்டர் நூலை எடுத்ததற்கு அதுவே காரணம். ஸ்டான்போர்டில் 2017இல் நாருக்கு மின்னழுத்தத்தை விட்டுவிட்டுக் கொடுத்து, பிடிக்கும் அளவை ஒன்பது மடங்காக்கினார்கள், ஆய்வுகூடத்தில். சீனரும் தென்சீனக் கடலில் இறங்கியிருக்கிறார்கள். பக்கத்தில் இந்தியாவின் பாபா அணு ஆராய்ச்சி மையமும் மேற்குக் கரையில் இதே ஒட்டுமுறையில் செய்த தாள்களைச் சோதித்திருக்கிறது. யாரும் இன்னும் தொன் கணக்கில் எடுத்துக் காட்டவில்லை.

இனி எங்கள் ஊர்க் கணக்குக்கு வருவோம். உள்துறைமுகத்தின் நீர்ப்பரப்பு 1,630 ஹெக்டேயர் என்று துறைமுக அதிகாரசபை சொல்கிறது. சராசரி ஆழம் 25 மீற்றர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அதிலுள்ள தண்ணீர் முழுவதிலும் சேர்ந்து 1.3 தொன் யுரேனியம். 1,000 மெகாவாற்று அணு உலை ஒன்றுக்கு ஆண்டுக்கு 200 தொன் இயற்கை யுரேனியம் வேண்டும். அப்படியென்றால் 150 உள்துறைமுகத்தை ஒட்ட உறிஞ்சினால்தான் ஓர் உலைக்கு ஒரு வருடம். தண்ணீர் மாறுமே என்பீர்கள். மாறும், ஆனால் மெதுவாக. எங்கள் பக்கத்தில் வற்றுப்பெருக்கு அரை மீற்றர் அளவுதான். ஒவ்வொரு பெருக்கிலும் வாசலால் உள்ளே வரும் புதுத் தண்ணீரில் 27 கிலோ யுரேனியம் இருக்கும். அதிலும் ஒரு பகுதி முன்பு வெளியே போன தண்ணீர் திரும்பி வருவதுதான். இயற்கைத் துறைமுகம் என்று நாங்கள் பெருமைப்படுவதே அதற்குள் தண்ணீர் அசையாமல் கிடப்பதால்தானே. கப்பலுக்கு நல்லதாக இருப்பது இந்த நாருக்குக் கூடாது. கடற்படை, கப்பல் போக்குவரத்து, அனுமதி, அதெல்லாம் தனிக் கதை.

கொட்டியாரக்குடா திறந்தது, ஆனால் மகாவலி வண்டலும் நன்னீரும் அங்கேதான் இறங்குகின்றன. வண்டல் நாரில் படிந்தால் பாசியைவிட மோசம். நீரோட்டம் வேண்டுமென்றால் நிலாவெளி, புறாத்தீவுக்கு வெளியே, கடலுக்குள் போக வேண்டும். வாடைக் காலத்தில் இந்தியாவின் கிழக்குக் கரையோடு தெற்கே வரும் ஓட்டம் எங்கள் கரையையும் உரசிக்கொண்டு போகும். தண்ணீர் தாராளமாக மாறும். அதே மாதங்களில்தான் கடலும் அடிக்கும், நங்கூரம் இழுபடும். அமைதியான மாதங்களில் கரைவலையும் வள்ளங்களும் அந்த இடத்தையே நம்பி இருக்கின்றன. ஓர் உலைக்கு எவ்வளவு நார் வேண்டும் தெரியுமா? ஒரு கிலோ நார் ஒரு தவணைக்கு 3 கிராம் எடுக்கிறது, வருடத்தில் ஆறு தவணை, நார் தேயவே இல்லை என்று தாராளமாக வைத்தாலும் 11,000 தொன் நார் எந்நேரமும் கடலில் நிற்க வேண்டும். அந்தக் காட்டுக்குள் யார் போய் வலை போடுவது? எனக்கு இதில் பெரிய தடையாகத் தெரிவது இதுதான், இரசாயனமல்ல.

உப்பளம் பற்றிய கேள்வி கெட்டித்தனமானது, அதனால் அதற்குத் தனியாகப் பதில். உப்பளத்தில் வெயில் இலவசமாகத் தண்ணீரைச் சுண்ட வைக்கிறது. உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானியில் 25 பாகை காட்டும்போது உப்பு விளையத் தொடங்கும். 29, 30 தாண்டினால் மிஞ்சுவது கசப்பு நீர். அதற்குள் கடல்நீர் முப்பதில் ஒரு பங்காகிவிடும். யுரேனியம் எங்கும் போகாமல் அதிலேயே நின்றால் லீற்றருக்கு 0.1 மில்லிகிராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மொத்தத்தைப் பாருங்கள்: 10,000 தொன் உப்பு விளைவிக்கச் செலவாகும் கடல்நீரில் இருப்பதே 1.2 கிலோ யுரேனியம்தான். அதே கசப்பு நீரில் மகனீசியம் தொன் கணக்கில் இருக்கிறது. நான் உப்பள முதலாளியாக இருந்தால் அதைத்தான் பார்ப்பேன். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் கழிவுநீரும் இதே நிலைதான், செறிவு இரண்டு மடங்குக்கு மேல் போகாது. ஆனால் அங்கே பம்புச் செலவை வேறு யாரோ ஏற்கெனவே கட்டிவிட்டார்கள் என்பதால், சிறிய அளவில் சோதிக்க அது நல்ல இடம்.

காசு விசயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீட்டில் கடல் யுரேனியம் இறாத்தலுக்கு 300 டொலர் அளவு. சுரங்க யுரேனியம் 2016இல் இறாத்தல் 20 டொலருக்கும் கீழே விழுந்தது, 2024 தொடக்கத்தில் 100 டொலரைத் தாண்டியது. தரையில் கண்டுபிடித்து வைத்திருக்கும் வளம் 60 முதல் 80 இலட்சம் தொன். உலகம் ஆண்டுக்குப் பயன்படுத்துவது 65,000 தொன் அளவு. ஆகவே யாருக்கும் அவசரம் இல்லை. ஆனாலும் ஒரு கோணத்தில் இந்த 300 டொலர் எனக்குப் பயமாகத் தெரியவில்லை. அந்த விலைக்கு வாங்கினாலும் ஒரு யூனிட் மின்சாரத்தில் யுரேனியத்தின் பங்கு ஒன்றரை, இரண்டு அமெரிக்கச் சதம்தான் வரும். அணு மின்சாரத்தில் பெருஞ்செலவு உலையைக் கட்டுவதில் இருக்கிறது. அதனால் சுரங்கம் இல்லாத ஜப்பான் போன்ற நாட்டுக்குக் கடல் ஒரு பாதுகாப்பு: சுரங்கக்காரர் விலையை எவ்வளவு ஏற்றினாலும் அதற்கு மேல் போக முடியாது என்று ஓர் எல்லை இருக்கிறது. உலையே இல்லாத எங்களுக்கு அந்தப் பாதுகாப்பால் இன்றைக்கு வேலை இல்லை. மஞ்சள் கட்டியை வைத்து நேரே சாதாரண உலையை எரிக்கவும் முடியாது. அதில் பிளவுபடும் யுரேனியம்-235 நூற்றுக்கு 0.7தான், அதை 3 முதல் 5 வரை செறிவூட்ட வேண்டும். அது சில நாடுகளே செய்யும் வேலை.

யுரேனியம் என்றாலே சிலர் புல்மோட்டை மணலை இழுத்துவிடுவார்கள். அது வேறு. அங்கே இல்மனைற்று, உருத்தைல், சிர்கோன், அவற்றோடு கொஞ்சம் மொனசைற்று. மொனசைற்றில் இருப்பது பெரும்பாலும் தோரியம். தோரியம் பற்றிப் பேசினால் ஆனந்த குமாரசுவாமியைச் சொல்லாமல் போக மனம் வராது. கலை விமர்சகர் என்று நாங்கள் அறிந்த அதே மனிதர்தான் இலங்கைக் கனிய அளவைத் திணைக்களத்தின் முதல் இயக்குநராக இருந்தபோது, 1904இல், சப்பிரகமுவ பக்கத்தில் தோரியனைற்று என்ற கனியத்தைக் கண்டெடுத்தவர். அதில் யுரேனியமும் இருக்கிறது. இந்தத் தீவில் யுரேனியத்தைக் கையில் பிடிக்க ஆசையிருந்தால் கல்லைத் தேடுவதுதான் குறுக்குவழி.

கடைசியாக, அம்மாமார் கேட்கும் கேள்வி: அப்படியென்றால் கடலில் குளிப்பது ஆபத்தா? இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் அனுமதிக்கும் யுரேனிய அளவு லீற்றருக்கு 30 மைக்கிரோகிராம், கடலில் அதில் ஒன்பதில் ஒரு பங்குதான் இருக்கிறது. கதிரியக்கம் என்று பார்த்தாலும் கடல்நீரில் பொற்றாசியம்-40 லீற்றருக்கு 12 பெக்கரல் தருகிறது, யுரேனியம்-238 தருவது 0.04. கடலை இந்த விசயத்தில் சந்தேகப்படத் தேவையில்லை.

தம்பிக்கு உயர்தரத்தில் இரசாயனம் என்றபடியால் ஒன்று சொல்கிறேன். யுரேனியத்தை விட்டுவிட்டு, நார் எங்கள் தண்ணீரில் எப்படிக் கெடுகிறது என்று பாருங்கள். வெயில் படும் ஆழத்தில் ஒன்று, எட்டு பாகம் ஆழத்தில் ஒன்று, கறுப்புக் குழாய்க்குள் ஒளித்து ஒன்று. வைகாசியில் இறக்கி, கிழமைக்கு ஒரு தரம் எடுத்து நிறுத்து எழுதுங்கள். ஈர எடை வேண்டாம், நன்னீரில் அலசி நிழலில் காய வைத்த எடை. வெந்நீர்க் கரைகளுக்கு இப்படியான கணக்குத்தான் முதலில் வேண்டும், அதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. சமையலறைத் தராசு போதும். அக்ரிலிக் நூல் என்னிடம் இன்னும் ஒரு கிலோ அளவில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மிதவையை மட்டும் நீங்கள் பார்க்க வேண்டும். என்னுடையதை இரண்டாம் தரம் இறக்கிய மூன்றாம் நாள் ஏதோ ஒரு வள்ளத்தின் எஞ்சின் விசிறி அறுத்துக்கொண்டு போய்விட்டது.